சிசேரியனுக்கு முந்தைய இரவும் அக்கா அனுப்பிய மெலடோனின் பாட்டிலும்

கேள்வி: "எனக்கு வயது 31. இரண்டாவது குழந்தைக்கு 37-ஆவது வாரம் நடக்கிறது. முதல் பிரசவம் சிசேரியன். இதற்கும் தேதி குறித்துவிட்டார்கள். கர்ப்பகால சுகர் இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன முறை ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. தியேட்டரில் பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்கு நடுங்கினேன். முதுகு ஊசி தெளிந்த பிறகு வந்த வலியை இப்போது நினைத்தாலும் அழுகை வருகிறது. வலிக்கு மருந்து கேட்டபோதெல்லாம் 'கொஞ்சம் பொறுத்துக்கோம்மா' என்றார்கள். குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா, மெலடோனின் சாப்பிட்டால் தூக்கமும் வரும், சிசேரியன் வலியும் குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்று படித்துவிட்டு, மிட்டாய் மாதிரி மெல்லும் 10 மில்லிகிராம் மாத்திரை ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறாள். மாமியார், 'தூக்க மருந்து சாப்பிட்டால் குழந்தை மந்தமாகிவிடும்' என்கிறார். எங்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சாப்பிடலாமா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: மயக்கவியல் மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஆனால் உங்கள் அக்கா படித்தது கட்டுக்கதை இல்லை. அதில் விஷயம் இருக்கிறது. அந்த விஷயத்துக்கும் உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது, அவ்வளவுதான். அதோடு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் மெலடோனினைப் பற்றிக் கேட்டிருந்தாலும், போன முறை பட்ட பாட்டை மறுபடி படக் கூடாது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கு இந்த மாத்திரையைவிட நல்ல பதில்கள் இருக்கின்றன. இரண்டையும் சொல்கிறேன்.

மெலடோனின் நம் உடம்பே சுரக்கும் பொருள். மூளையின் நடுவே, பட்டாணி அளவுகூட இல்லாத பீனியல் சுரப்பி, இருட்டியதும் அதைச் சுரக்கத் தொடங்கும். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை உச்சம். வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு நின்றுவிடும். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தூக்கத்துக்கான மருந்தை அல்ல, தோல் நிறத்தை மாற்றும் பொருளை. தவளைத் தோலை இது வெளுக்க வைத்தது, பெயரும் அதிலிருந்து வந்தது. தூக்கத்தோடு உள்ள தொடர்பு பின்னால்தான் தெரிந்தது.

கர்ப்பத்தில் இதன் அளவு கூடிக்கொண்டே போய் பிரசவத்தை ஒட்டி அதிகமாக இருக்கும். நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் குழந்தைக்குப் போகும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ராத்திரி என்று ஒன்று தெரிகிறதென்றால், அது முக்கியமாக அம்மாவின் இரத்தத்தில் வரும் மெலடோனினால்தான். எனவே மாமியாரிடம் சொல்லுங்கள்: மெலடோனின் என்ற பொருளே குழந்தைக்கு விஷம் என்று பயப்பட வேண்டாம். குழந்தை ஒன்பது மாதமாக அதோடுதான் இருக்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையை இது காக்குமா என்றுகூட ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவருடைய பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. உடம்பு சுரப்பது துளி. வெளியிலிருந்து 1 முதல் 5 மில்லிகிராம் விழுங்கினாலே, இரத்தத்தில் அதன் அளவு இயற்கையான இரவு உச்சத்தைப்போல் 10 முதல் 100 மடங்குவரை ஏறிவிடும். உங்கள் பாட்டிலில் ஒரு மிட்டாய்க்கே 10 மில்லிகிராம். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்த அளவு ஒன்றும் செய்யாது என்று கையெழுத்துப் போட்டுத் தர என்னால் முடியாது. அந்த அளவுக்குக் கர்ப்பிணிகளிடம் இது சோதிக்கப்படவில்லை.

சரி, அறுவைக்கு முன் இதை ஏன் கொடுத்துப் பார்த்தார்கள்? ஆபரேஷன் பயத்தைக் குறைக்க நாங்கள் வழக்கமாகத் தரும் மருந்து மிடாசோலம். மனம் அடங்கும், ஆனால் அந்த நேரத்து நினைவும் அழிந்துவிடும். சிசேரியனில் அதைக் குழந்தை வெளியே வரும் முன் கொடுத்தால், குழந்தை பிறக்கும்போது துவண்டு கிடக்கலாம். அம்மாவுக்கோ குழந்தையின் முதல் அழுகையே ஞாபகத்தில் நிற்காமல் போகலாம். மெலடோனின் இதைவிட மென்மையானது. சிசேரியன் அல்லாத பல அறுவைகளில் செய்த சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்திருக்கிறது. வெற்று மாத்திரையைவிட மெலடோனின் பயத்தைக் குறைக்கிறது என்பதும், மிடாசோலத்துக்கு அது அதிகம் பின்தங்கவில்லை என்பதும் அதில் தெரிந்தன. அந்தத் தைரியத்தில்தான் சிசேரியனிலும் முயன்றார்கள்.

ஈரானில் நடந்த ஒரு சோதனையில், முதுகு ஊசிக்குச் சற்று முன் நாக்குக்கு அடியில் 3 மில்லிகிராம் மெலடோனின் வைத்த பெண்களுக்கு, முதல் வலி மருந்து தேவைப்பட்ட நேரம் தள்ளிப்போயிருக்கிறது. 6 மில்லிகிராமாகக் கூட்டியபோது பலன் கூடவில்லை, தலைவலிதான் கூடியது. இந்த இடத்தில் எங்கள் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவோம். முதுகு ஊசி போட்ட அம்மாவுக்குத் தலைவலி வந்தால் நாங்கள் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஊசி போன துளை வழியாகத் தண்டுவடத் திரவம் கசிந்தால் தலைவலி வரும். பி.பி. எகிறினாலும் தலைவலி வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதற்கு நடுவே, சொல்லாமல் விழுங்கிய மாத்திரையால் மூன்றாவதாக ஒரு தலைவலி வந்தால், எது எது என்று பிரிப்பதற்குள் நேரம் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்க, அளந்த மருந்தை அறுவைக்குச் சற்று முன் எடுத்துக்கொண்டவர்கள். நீங்கள் நினைப்பது முந்தைய இரவு வீட்டில் சாப்பிடுவது. மெலடோனின் இரத்தத்தில் அதிக நேரம் நிற்காது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் பாதி கழிந்துவிடும். ராத்திரி 10 மணிக்கு மென்றது மறுநாள் காலை 9 மணிக்குக் கத்தி வைக்கும்போது வலியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, அக்கா படித்த பலனும் அந்த பாட்டிலிலிருந்து உங்களுக்குக் கிடைக்காது.

பாட்டிலில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் கேள்விதான். அமெரிக்காவில் மெலடோனினை மருந்தாக அல்ல, சத்து மாத்திரைக் கணக்கில் விற்கிறார்கள். 2017-ல் கனடா ஆய்வாளர்கள் 31 தயாரிப்புகளைப் பரிசோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. எட்டில் செரடோனின் என்ற வேறு பொருளும் கலந்திருந்தது. 2023-ல் அமெரிக்காவில் மெல்லும் மிட்டாய் வகையை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 25-ல் 22 தயாரிப்புகளின் லேபிள் சரியாக இல்லை. அக்கா பாசத்தில் அனுப்பியிருக்கிறார், அவர்மேல் தவறில்லை. ஆனால் லேபிளில் 10 என்று போட்டிருப்பது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு சுகர் இருப்பது இதை வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம். ஆரோக்கியமான பெண்களுக்கு 5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்து, குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்த சோதனையில், காலையானாலும் மாலையானாலும் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறியது. பிரசவத்துக்கு முன் அம்மாவின் சர்க்கரை ஏறினால், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து இருக்கிறது. அப்புறம் குழந்தையை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) வைத்துவிட்டால், முதல் மணி நேரத்தில் பால் கொடுக்கும் வாய்ப்பு மறுபடியும் போகும். இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு யாராவது பி.பி.க்கு நிஃபிடிபின் சாப்பிடுகிறவராக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: அந்த மருந்து எடுப்பவர்களுக்கு மெலடோனின் பி.பி.யை ஏற்றியது பதிவாகியிருக்கிறது.

இப்போது நான் உண்மையில் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றில் 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இத்தனை வயிறுகளைத் திறக்கும் ஊரில், பிரசவ வலியைப் பொறுப்பது பெண்ணின் குணம் என்பதுபோல் சிசேரியன் வலியையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிற விஷயம். இது வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன். குடல்வால் எடுத்தவரை "பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுத்து எழுந்து உட்காரச் சொல்ல மாட்டோம்.

வலி வந்து, அழுது, கேட்டு, அதன் பிறகு ஊசி போடுவது தவறான முறை. பாராசிட்டமாலும், டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு மருந்தும், வலி இருக்கிறதோ இல்லையோ, மணி பார்த்து வரிசையாகக் கொடுக்கப்பட வேண்டும். (கிட்னி கோளாறு, கடுமையான பி.பி. போன்றவை இருந்தால் டைக்ளோஃபெனாக் கூடாது.) இரண்டும் தாய்ப்பாலுக்கு ஒத்துவரும். இதோடு, முதுகு ஊசியிலேயே மிகச் சிறிய அளவு மார்ஃபின் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் வலி அடங்கியிருக்கும். மூக்கு, முகம் எல்லாம் அரிக்கும், சிலருக்குக் குமட்டும். ஆனால் அந்த அரிப்போடு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த மார்ஃபின் இருக்காது. அதைப் போட்டால் இரவு முழுக்க மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும். அது இல்லாத இடத்தில், அறுவை முடிந்ததும் வயிற்றின் இரு பக்கத்திலும் தசைகளுக்கு நடுவே மரத்துப்போகும் ஊசி போடலாம். உங்கள் மயக்க மருந்து டாக்டரிடம், "முதல் 24 மணி நேரத்துக்கு எனக்கு வலிக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எங்களிடம் அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாங்கள் கோபப்பட மாட்டோம், உட்கார்ந்து பதில் சொல்வோம்.

நடுக்கத்துக்கு வருவோம். அது பயத்தினால் மட்டும் வந்ததில்லை, உங்கள் மனத்திடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதுகு ஊசி போட்டதும் கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் நடுவில் இருந்த சூடு கால் பக்கம் இறங்கிவிடும். மூளை குளிர் என்று நினைத்து நடுங்க வைக்கும். ஏ.சி. அறையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும். சூடான போர்வையும் சூடேற்றிய டிரிப்ஸும் கேளுங்கள். போன முறை பல் கிட்டியது என்று முன்னாலேயே சொன்னால், அடக்க மருந்தும் கையோடு எடுத்து வைத்திருப்பார்கள்.

பட்டினியும் உங்களை வாட்டியிருக்கும், நீங்கள் எழுதாவிட்டாலும். "ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்று இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி போதும் என்பதுதான் இன்றைய முறை. ஒன்று, பாலும் பால் கலந்த காபியும் தண்ணீர்க் கணக்கில் சேராது, அவை சாப்பாட்டுக் கணக்கு. அறுவை முடிந்த பிறகும் வாயு பிரியட்டும் என்று நாள் முழுக்கக் காயப் போட வேண்டியதில்லை. அறுவைக்குப் பின் சீக்கிரம் தேறும் முறைகளை வகுக்கும் ஈராஸ் சங்கம் 2018, 2019-ல் பகுதி பகுதியாக வெளியிட்ட சிசேரியன் வழிகாட்டுதல் இரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான சாப்பாடு தரலாம் என்கிறது. அறுவைக்கு முன் அம்மாவுக்குத் தூக்க மருந்து எதுவும் தர வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

ஊர்ப் பாட்டிகள் பிரசவித்தவளுக்கு வயிற்றில் துணி கட்டுவார்களே, அதற்கும் இன்று ஆதாரம் இருக்கிறது. பெல்ட் கட்டிக்கொண்டு எழுந்தவர்களுக்கு வலி குறைவு என்று பார்த்திருக்கிறார்கள். மூச்சு முட்ட இறுக்க வேண்டாம்.

கடைசியாக, தூக்கம். பயிற்சிக் காலத்தில் ஒரு பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். சிசேரியன் ஆன ஒரு பெண், தலைக்கு நேர் மேலே எரிந்த டியூப்லைட்டைத் தாங்க முடியாமல், புடவைத் தலைப்பை நாலாக மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு பி.பி. பார்க்க ஒருவர் எழுப்பினார். ஒரு மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசிக்கு வேறொருவர். இரண்டு மணிக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர் போனில் ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய மெலடோனின் உச்சத்துக்குப் போக வேண்டிய நேரம் அது. நான் லைட்டை அணைத்தபோது அவள் தலைப்பை விலக்கி, "டாக்டர், மறுபடியும் போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். வலியை விட்டுவிட்டு அதைக் கேட்டாள்.

அதனால் உங்கள் வீட்டாருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிப் பையில் கண்ணை மறைக்கும் துணியும், மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கும் வையுங்கள். ராத்திரி பால் கொடுக்கவும், சிஸ்டர் ஊசி போடவும் அந்த வெளிச்சம் போதும். பி.பி., ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நேரத்தில் முடிக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தும் பொறுப்பை மாமியாரிடம் கொடுங்கள், அவரைவிட நன்றாக யாரும் செய்ய மாட்டார்கள். முந்தைய இரவும் இதேதான்: பத்து மணிக்கு விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் சாய்ந்து கிடங்கள், அதற்காகக் கவலைப்பட்டு எழுந்து உட்கார வேண்டாம்.

இந்த இருட்டு குழந்தைக்கும் வேண்டும். ராத்திரிப் பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் இல்லாத அளவுக்கு. பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக அதை ஒழுங்காகச் சுரக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். அதுவரை உங்கள் பால்தான் அதற்கு ராத்திரியை எடுத்துச் சொல்கிறது.

கூச்சத்தை விட்டுவிட்டு அந்த பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து ஃபிட்னஸ் வாங்கச் சொல்வார்கள். அன்று பாட்டிலை மேஜைமேல் வைத்து, "அக்கா அனுப்பினாள், இன்னும் சாப்பிடவில்லை" என்று சொல்லுங்கள். ஒன்றிரண்டு ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதையும் எத்தனை, எப்போது என்று சொல்லிவிடுங்கள், அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள். முந்தைய இரவு பதற்றம் தாங்கவே முடியாத அளவுக்கு இருக்கும் என்று தோன்றினால் அதையும் அங்கேயே பேசுங்கள். உங்கள் சுகரையும் குழந்தையையும் அறிந்த அவர், என்ன தரலாம், எதுவும் தராமலே சமாளிக்கலாமா என்று முடிவு செய்யட்டும். ஒரு காகிதத்தில் மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: போன முறை கடுமையாக நடுங்கியது, வலி மருந்து நேரத்துக்குக் கிடைக்காதது, குழந்தை மறுநாள்தான் மடிக்கு வந்தது. எழுந்து வருவதற்கு முன், ஆபரேஷன் எத்தனை மணிக்கு, அன்று மெட்ஃபார்மின் உண்டா இல்லையா, கடைசி இட்லியை எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.